பாப்பாவின் உயரம்

அம்பத்தூர்
12.8.1998

அன்புள்ள சௌந்தரி,

கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா?

எங்கள் கம்பெனியில் படம் காட்டும் மென்பொருளைச் சோதிப்பதுதானே என் வேலை? நேற்று பாப்பா போட்டோவை ஸ்கேன் செய்து, மென்பொருள் ஏமாறுமா என்று பார்க்க, படம் பனைமரத்தை விட உயரம் என்று ஃபைலுக்குள் பொய்யாக எழுதி வைத்தேன். மென்பொருள் அதை நம்பி கம்ப்யூட்டர் மெமரி முழுவதையும் பிடித்துக்கொண்டது. மேலிருந்து அவள் தலை ரிப்பன் வரை வந்த படம் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாபா, உன் பொண்ணு மிஷினையே நிறுத்திட்டா! ஆஃப் பண்ணு" என்று பக்கத்து சீட் கலீல் பாய் சிரித்தார். ஓட்டையைக் கண்டுபிடித்தேன் என்று மேனேஜருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் அணைக்க மனம் வரவில்லை. கண் வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவளுடைய நிஜ உயரம் எனக்குத் தெரியவில்லை, சௌந்தரி. சுவரோரம் நிற்க வைத்து நூலால் அளந்து, அந்த நூலைக் கவரில் வைத்து அனுப்பு.

கம்பெனி பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன்
கிறிஸ்துதாஸ்