ஆறாவது குழாய்

6, வியாழன்
காலையிலிருந்து தூறல். பெசன்ட் நகர் கடற்கரையில் கண்காட்சிக்கான ஆறு இரும்புக் குழாய்களும் நட்டாச்சு. காதை வைத்தால் குரல் கேட்கும். வெளி மாநிலத்திலிருந்து வந்து இங்கே உழைக்கிற ஆறு பேர். பதிவும் எடிட்டிங்கும் நான்.

ஆறாவது சுனிதா. ஒடிசா. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் புடவை மடிக்கிற வேலை. "ராத்திரி ஹாஸ்டலை வெளியிலேர்ந்து பூட்டிடறாங்க. தீப்பிடிச்சா எப்படிப் போறது?" என்று கேட்கிறாள். கடை மொட்டைமாடியில், சாப்பாட்டு நேரத்தில் பேசினாள். அதுவும் உடனே இல்லை. "இருங்கக்கா, இருங்கக்கா" என்று ரொம்ப நேரம் சும்மா நின்றாள். கூச்சம், பாவம். பெயரை வெட்டிவிட்டேன், குரலையும் கொஞ்சம் மாற்றிவிட்டேன். யாருக்கும் தெரியாது.

வாங்கணும்: டேப், பால், கொசுவத்தி.

7, வெள்ளி
நல்ல கூட்டம். பஜ்ஜிக் கடைக்காரர் ஆறாவதில் காதை வைத்தார். "இன்னாக்கா, பின்னால அந்தத் தி.நகர் கடைப் பாட்டு ஓடிக்கினு கீது? மணிக்கு ஒருதபா போடுவானே. என் சம்சாரம் அங்கதான் பொடவ எடுக்கும்."

பெயர், குரல் எல்லாம் பார்த்த நான் பாட்டை விட்டுவிட்டேன். விட்டது கூட இல்லை, ஆசையாக வைத்தேன். பின்னால் சத்தம் இருந்தால்தான் குரலுக்கு உயிர் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவள். கழுதை.

சு.வுக்கு நாலு முறை அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், தெரியும். தெரிந்தும் ஐந்தாவது முறை.

8, சனி
புடவை வாங்குகிற மாதிரி கடைக்குள். மூன்றாவது மாடி. சு. இல்லை. மடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"அதை குடோனுக்கு மாத்திட்டாங்க மேடம். நேத்துலேர்ந்து."

ஏன்?

"தெரியல. காட்டன் பாக்கறீங்களா?"

அந்த நேரம் பார்த்து பாட்டு. என்னமோ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். பச்சை. எனக்குப் பச்சை ஆகாது.

நேராகக் கடற்கரை. ஆறாவது குழாயின் வாயை டேப்பால் சுற்றினேன். உள்ளே அவள் பேசிக்கொண்டேதான் இருந்தாள், முணுமுணுவென்று. இன்னொரு சுற்று. பஜ்ஜிக்காரர்: "ரிப்பேரா?" ஆமாம் என்றேன்.

9, ஞாயிறு
வெயில். மாசத்தில் ஒரு நாள் அவர்களுக்கு லீவு, அது இன்றைக்கு. நாலு மணிக்கு ஷேர் ஆட்டோவில் சு., கூட மூன்று பெண்கள். தலை நிறையப் பூ.

"அக்கா, என்னோடது எது?"

டேப்பைக் காட்டினேன். பாட்டு விஷயத்தைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். குடோனுக்கு மாற்றியது இதனாலா? தெரியாதாம். தீபாவளிச் சரக்கு வந்திருக்கிறது, அதற்காகவும் இருக்கலாமாம்.

"பாட்டு வர்ற வரைக்கும் நின்னுதான் பேசினேன் அக்கா. இல்லன்னா எந்தக் கடைன்னு எப்படித் தெரியும்?"

பயமா இல்லையா என்றேன்.

"இருக்கு. தினம் பூட்டும்போதும் இருக்கு."

மற்ற மூவரும் குழாயையே பார்த்துக்கொண்டு. கத்தரி கொண்டுபோகவில்லை. டேப்பைப் பல்லால் கடித்துப் பிய்த்தேன்.