பூ ஒட்டிய முகங்கள்

ஜூன் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் வாண்டும் நலம். அவர் முறுக்கி உடைத்த கை இப்போது நன்றாக மடங்குகிறது. பழைய எண், முகநூல் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். புது எண்ணையும் வீட்டு முகவரியையும் உனக்கும் தரவில்லை, கோபிக்காதே. இந்தத் தபால் பெட்டி எண்ணுக்கு எழுது. வாரக் கடைசியில் போய் எடுத்துக்கொள்வேன்.

நாங்கள் இருவரும் வீட்டில் எடுத்த படம் ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டாதே.

உன் மகள்

ஜூன் 9

என் செல்லத்துக்கு,

படத்தைப் பார்த்து அழுதே தீர்த்தேன். வாண்டு உன் தோள் வரைக்கும் வளர்ந்துவிட்டாளே.

மாடிவீட்டு நர்ஸம்மா தினமும் ஸ்டேட்டஸில் பேரன் படம் போடுகிறாள். நான் மட்டும் எத்தனை நாள் சூரியனையும் 'இனிய காலை வணக்கம்' என்பதையும் போடுவது? அதனால் உங்கள் படத்தைப் போனில் பிடித்துப் போட்டேன். பதறாதே. உன் முகத்தில் ஒரு ரோஜா, வாண்டு முகத்தில் ஒரு ரோஜா ஒட்டிவிட்டுத்தான் போட்டேன். மறுநாள் அது தானாகவே அழிந்துவிடும்.

யார் யார் பார்த்தார்கள் என்றும் காட்டும். உன் மாமியார் பார்த்திருக்கிறாள். மனசு இளகியிருக்கும் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளையிடம் நல்லதாக நாலு வார்த்தை சொல்லட்டுமே.

அம்மா

ஜூன் 16

அம்மா,

முகத்தை மூடினால் ஆளையே மறைத்தாயிற்று என்று உன் வயதுக்காரர்கள் நம்புகிறீர்கள். என் வயதுக்காரர்கள் முகத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பெரிதாக்கிப் பார்ப்போம். அந்தப் படத்தில் ஜன்னலுக்கு வெளியே மருந்துக்கடைப் பலகை தெரிகிறது. அந்தப் பெயரைத் தட்டினால் போனில் எங்கள் தெருவே வந்து நிற்கும்.

படத்தைக் கிழித்துவிடு. போனிலும் அழித்துவிடு. நான் வேறு வீடு பார்க்கிறேன். மாதக் கடைசிக்குள் மாறிவிடுவோம். அதுவரை யார் கேட்டாலும் வாய் திறக்காதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மகள்

ஜூன் 20

கண்ணே,

உன் கடிதம் வந்ததுமே நீ சொன்னபடி படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். போனிலும் அழித்துவிட்டேன். பலகையில் என்ன பெயர் என்று படிக்கக்கூட இல்லை.

சாயங்காலம் உன் மாமியார் வந்தாள். "பேத்தி நல்லா வளர்ந்துட்டா சம்பந்தி. பையன் கூட்டிட்டு வரக் கிளம்பிட்டான்" என்றாள்.

"எங்க போயிருக்கார்?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தாள். தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒரு தெரு, ஒரு பச்சைக் கதவு. நான் தெருப் பெயரைப் படிப்பதற்குள் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். "எந்தத் தெரும்மா? வீட்டு நம்பர் சொல்லுங்க" என்றார்கள். தபால் பெட்டி எண்ணைத்தான் சொல்ல முடிந்தது. அந்த ஊர் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்கிறோம், வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான்தான் பாவி.

பாப்பா, இதைப் படித்தவுடன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடு. சாமான் போனால் போகட்டும். ஆனால் வாரக் கடைசியில்தானே பெட்டியைத் திறப்பாய்.

நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

அம்மா