பாத்ரூம் கதவுக்கு ஒரு ஸ்தோத்திரம்

செவ்வாய், இரவு.

இன்று குடும்ப ஜெபத்தில் என்னால் ஸ்தோத்திரம் சொல்ல முடியவில்லை.

என் சின்னவனுக்குப் பல் முளைக்கிறது. மத்தியானம் முழுக்கக் கத்தினான். மூத்தவள், நான்கு வயது ஜெனி, சாதத்தைத் துப்பிவிட்டு அவளும் அழத் தொடங்கினாள். அவனைத் தொட்டிலில் போட்டுவிட்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். எந்தச் சத்தமும் கேட்கக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டேன். வெளியே வந்தபோது ஜெனி கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் என் துண்டு.

தூங்குமுன், அன்று கிடைத்த ஒரு நன்மைக்கு நன்றியாக, ஆளுக்கொரு ஸ்தோத்திரம் சொல்லும் வழக்கத்தை வீட்டில் கொண்டுவந்ததே நான்தான். என் கணவர் தன் திருமழிசைக் கம்பெனி வேலைக்காகச் சொல்லிவிட்டு, ஜெனியிடம், "குட்டி, நீ எதுக்குச் சொல்லப்போற?" என்றார்.

"அம்மா கதவத் தொறந்தாங்கல்ல, அதுக்கு ஸ்தோத்திரம்."

"எந்தக் கதவுடி?" என்று சிரித்தார்.

"பாத்ரூம் கதவுப்பா. தம்பி எவ்ளோ அழுதான் தெரியுமா? நான் தட்டிக்கினே இருந்தேன்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்தது என் முறை. பிள்ளைகளுக்காக ஸ்தோத்திரம் என்று தினமும் சொல்வதுதான், இன்று வாய் வரவில்லை. ஜெனி கண்ணை மூடிக் காத்திருந்தாள். ஆமென் என்று முடித்துவிட்டேன்.

ஆண்டவரே, இப்போது சொல்கிறேன். அந்தத் தாழ்ப்பாளுக்காக ஸ்தோத்திரம். இன்று மனதாரச் சொல்ல முடிவது அது ஒன்றுதான். நாளைக்கும் எனக்கு அது வேண்டியிருக்கும். குழாயை மட்டும் திறக்காமல் இருக்கப் பார்க்கிறேன். அவள் தட்டினால் கேட்க வேண்டும்.