நிறுத்தும் பொத்தானில் ஒரு தீக்குச்சி

செப்டம்பர் 9, செவ்வாய்
மழை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் கிடக்கிற இரண்டாவது வருடம். அம்மா ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கும்வரைதான் இந்த எஸ்டேட் லயத்து வீடு எங்களுக்கு. அவளுக்கு மூச்சிளைப்பு வேறு. விட்டுவிட்டு எங்கே போக?

செப்டம்பர் 10
காய் உலர்த்தும் அறைக்குள் அம்மா மாட்டிக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டால் உள்ளிருந்து திறக்க வராது. உள்ளே இருக்கிற அவசர மணிப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறாள். சத்தமே இல்லை. தற்செயலாக, கூட வேலை பார்க்கும் ஷீனா அக்கா திறந்தபோது தரையில் கிடந்தாளாம்.

செப்டம்பர் 12
மணியைப் பார்க்கப் போனேன். பழுதே இல்லை. வெளியே, மணியை நிறுத்துகிற பொத்தானில் தீக்குச்சி செருகியிருந்தது. சூப்பர்வைசர் கபிரியேலின் வேலை. சும்மா சும்மா அடிக்கிறதாம். அந்த சர்க்யூட் பொத்தானின் நிலையைத்தான் பார்க்கும். நிறுத்தும் பொத்தான் அழுந்தியே இருந்தால், உள்ளே எத்தனை முறை அழுத்தினாலும் மணி எழும்பாது.
அம்மாவிடம் சொன்னேன். "பேசாம இரு. வேல போனா வீடும் போயிரும்ல?"
செத்திருப்பாளே. அப்பவும் பேசக்கூடாதா? இந்த நாலு சுவரு, இந்த மழை — எனக்கே மூச்சு முட்டுது.

செப்டம்பர் 14, ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. மணிக்குப் புது சர்க்யூட் போர்டு செய்தேன். எட்ஜ் ட்ரிகர். பொத்தான் சுழியத்திலிருந்து ஒன்றுக்கு ஏறுகிற அந்தக் கணம் மட்டும்தான் இதற்குக் கணக்கு. அப்புறம் அழுத்தியே வைத்திருந்தாலும் திரும்பிப் பார்க்காது. உள்ளே ஒரு தடவை அழுத்தினால் போதும், ஃபிளிப்-ஃபிளாப் என்கிற நினைவுச் சில்லு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மணி அடித்துக்கொண்டே இருக்கும். வெளியே ஒருவர் வந்து புதிதாக அழுத்தினால்தான் நிற்கும். குச்சி எப்போதோ அழுத்தியது. செல்லாது.

செப்டம்பர் 15
கபிரியேல் இல்லாத நேரம் பார்த்துப் புது போர்டை மாட்டியாயிற்று.

செப்டம்பர் 18
இன்று ஷீனா அக்கா உள்ளே மாட்டிக்கொண்டாள். குச்சி மறுபடி செருகித்தான் இருந்ததாம். மணி அடித்தது. கபிரியேலே ஓடிப்போய்த் திறந்தாராம்.

செப்டம்பர் 19
கபிரியேல் வீட்டுக்கே வந்துவிட்டார். "குச்சி வச்சாலும் அடங்க மாட்டேங்குது. பழையபடி மாத்திக் குடுத்துரு நிமி. ஒங்கம்மாவ நிறுத்த எனக்கு எம்புட்டு நேரமாகும்?"
சரி என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சுவரோரம் நின்ற அம்மா முந்திக்கொண்டாள்.
"அவ மாத்த மாட்டா."

செப்டம்பர் 27
அம்மாவை வேலையை விட்டு நிறுத்தி, வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மணியைத் தொட விடமாட்டோம் என்று ஸ்டோர்ப் பெண்கள் கூடி நின்றார்களாம்.

அக்டோபர் 5, ஞாயிறு
கட்டப்பனை டவுனில் ஒற்றை அறை. கீழே டிவி, மிக்ஸி பழுதுபார்க்கும் கடை; நாளை முதல் எனக்கு அங்கே வேலை. ஓயாத பஸ் ஹாரன். அம்மா மீன் வாங்கப் போனவள், வழி தவறி, யார் யாரையோ விசாரித்து, வெகுநேரம் கழித்து வந்தாள். திட்டலாம் என்று எழுந்தேன். சிரித்துக்கொண்டே படியேறி வந்தாள்.