இரவல் குரல்

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபோன்ல பேசவே பயமா இருக்கு. அதான் காகிதத்துல எழுதி டிரைவர் அண்ணன்கிட்ட குடுத்தனுப்பறேன். அந்த ஆடியோவை நீங்களும் கேட்டிருப்பீங்க. "நாய்க்கூட்டம் மாதிரி வாசல்ல நிக்குதுங்க, சோறு போட்டாத்தான் போகுமா?" ரசிகர்களை நான் திட்டிட்டேன்னு ஊரே கொந்தளிக்குது. காலையிலேர்ந்து கேட்டைத் தாண்டிச் சோத்துப் பொட்டலமா வந்து விழுது.

அது உங்க குரல்க்கா. முதல் படத்துலேர்ந்து எனக்கு டப்பிங் பேசற குரல். நேத்து லைவ்ல வந்து, அது நான் இல்லைன்னு சொன்னேன். என் கட்டைக் குரலைக் கேட்டுட்டு, மாட்டிக்கிட்டதும் குரலை மாத்திப் பேசி நடிக்கிறாள்னு சிரிக்கறாங்க.

நீங்க வந்து உண்மையைச் சொன்னா போதும்.

உங்கள்
பாப்பா


ஜூலை 6

என் தங்கப் பாப்பாவுக்கு,

அன்னிக்கு மகளுக்குக் காய்ச்சல்னு வீட்டுலேர்ந்து ஃபோன். உன்னைப் பார்க்க வந்த கூட்டம் ஸ்டுடியோ வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது. என்னால வெளிய போக முடியல. எரிச்சல்ல வீட்டுக்காரர்கிட்ட கத்தினேன். ஒரு டேக் முடிஞ்சு அடுத்த டேக் வரைக்கும் குரல் இறங்கிடக் கூடாதுன்னு உனக்கு டப்பிங் பேசற குரல்லயே பேசிட்டிருப்பேனே, அந்தப் பழக்கம்தான் வினையாயிடுச்சு. மைக் ஓடிட்டிருந்ததை எவனோ எடுத்து வெளிய விட்டிருக்கான்.

ஆனா நீ சொந்தக் குரல்ல பேசறேன்னு படக் கம்பெனி தம்பட்டம் அடிச்சு வெச்சிருக்கு. அதுக்காகவே உன்னை எந்தப் பேட்டியிலயும் பேச விடல. வெளிய சொல்ல மாட்டேன்னு என்கிட்ட கையெழுத்தும் வாங்கியிருக்காங்க. வாயைத் திறந்தா அப்புறம் எந்த ஸ்டுடியோவும் எனக்குக் கதவைத் திறக்காது. கொஞ்சம் பொறு, கண்ணு. வேற வம்பு கிடைச்சா இந்த ஜனங்க உன்னை மறந்துடுவாங்க. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜூலை 11

அக்கா,

வேற வம்பு இன்னும் கிடைக்கல போலிருக்கு.

காலையில அம்மா டீ கொண்டு வந்து வெச்சுட்டு, "ஏன்டி அப்படிப் பேசினே?"ன்னு கேட்டாங்க. அது நான் இல்லம்மான்னேன். "உன் குரல் எனக்குத் தெரியாதா?"ன்னாங்க.

தப்பு அவங்க மேல இல்ல. நான் ஷூட்டிங் ஷூட்டிங்னு வருஷக்கணக்கா வெளியவே கிடந்தேன். வீட்டுக்கு வந்தாலும் அலுப்புல பேசறதில்ல. அவங்க என் படத்தையே போட்டுப் போட்டுப் பார்த்துட்டிருந்தாங்க. அவங்க காதுல நீங்கதான்க்கா இருக்கீங்க. கனவுல நான் வாயைத் திறந்தாக்கூட இப்ப நீங்கதான் பேசறீங்க.

இனிமே நான் பேசி என்ன ஆகப்போகுது?

பாப்பா


ஜூலை 19

பாப்பா,

சொல்லிட்டேன். உன் கடிதத்தைப் படிச்சதும் கையெழுத்தாவது ஒண்ணாவதுன்னு கேமரா முன்னாடி உட்கார்ந்து, படத்துல உனக்குப் பேசற குரல்லயே பேசிக் காட்டினேன். மிமிக்ரி பண்ண எவ்வளவு வாங்கினேன்னு கேக்கறாங்க. ஒருத்தரும் நம்பல.

நேத்து உன் வீட்டுக்கு வந்தேன். நீ மாடி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு இருந்தே. உங்க அம்மா எனக்கு முதுகு காட்டித் துணி மடிச்சிட்டிருந்தாங்க. "அம்மா, நல்லா இருக்கீங்களா?"ன்னு அந்தக் குரல்ல கேட்டேன். "இப்பத்தான் கீழ வர மனசு வந்துதா?"ன்னு சிரிச்சுக்கிட்டே திரும்பினாங்க. மறுபடி பேசினேன். என் வாயையே பார்த்துட்டு நின்னாங்க. எல்லாத்தையும் சொன்னேன். மெதுவா கேட்டாங்க:

"அப்ப என் பொண்ணு குரல் எப்படிம்மா இருக்கும்?"

அவங்க படியேறி வந்து உன் கதவைத் தட்டி, ஏதாவது பேசுடி, திட்டறதுன்னாலும் திட்டுன்னு கெஞ்சினாங்க. நானும் பின்னாலதான் நின்னேன். உள்ள ஃபேன் ஓடற சத்தம் மட்டும் கேட்டுது. நீ பேச்சையே நிறுத்திட்டேன்னு டிரைவர் அண்ணன் அப்புறம் சொன்னார்.

நான் கிளம்பறப்பவும் அவங்க கதவுல காதை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. இன்னிக்கும் அங்கேயேதான் இருக்காங்களாம். இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில தள்ளச் சொல்லி டிரைவர் அண்ணன்கிட்ட குடுத்திருக்கேன். எனக்குப் பதில் எழுத வேணாம். அம்மான்னு ஒரு தடவை கூப்பிடு, போதும்.

அக்கா