ஆறரைக்கு இறங்கிய தண்ணீர்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

உன் கோபத்துக்கு ஆளானவன் எழுதிக்கொள்வது. இங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. போனில் சொல்லலாம் என்று எடுத்தால், நம்பரை அழுத்துவதற்குள் வைத்துவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் குட்டி குறைமாதத்தில் பிறந்து நான்கு ஞாயிறு ஆகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் ஆஸ்பத்திரிக்கு வந்தால் நர்ஸம்மா, "சட்டை பட்டனைக் கழட்டுங்க, குழந்தைய நெஞ்சுல போட்டுக்கோங்க, அப்பா உடம்புச் சூடும் வேணும்" என்கிறார். நானும் ஜலதோஷம், கையில் கிரீஸ், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வாரத்துக்கு ஒரு சாக்கு சொல்லி நழுவுகிறேன். அரை டன் லிப்டைத் தொங்கவிட்டுப் பழுது பார்க்கிற கை, ஒன்றேகால் கிலோவைத் தூக்கத் துணியவில்லை. போன வாரம் நீ பேசவே இல்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முதல் ஞாயிறு அங்கிருந்து வீட்டுக்கு ஓடிவந்தபோது, நீ தவமிருந்து வளர்க்கும் டிஸ்கஸ் மீன் ஜோடியின் முட்டைகள் வழக்கம்போல வெளுத்துக் கிடந்தன. பொரிக்க வேண்டுமானால் தண்ணீரின் புளிப்பை அளக்கும் பி.எச். எண் எட்டிலிருந்து ஆறரைக்கு இறங்க வேண்டும் என்று நீ தொட்டியில் ஒட்டிய சீட்டைப் படித்தேன். இதையாவது உருப்படியாகச் செய்வோமே என்று தோன்றியது. புளிப்பு சேர்த்தால் இறங்கப்போகிறது, இதென்ன பிரமாதம் என்று ஆறு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சிரிக்காதே! உடனே இறங்கிவிட்டது. பெண் மீன், உன் அம்மணி, மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கினாள். மறுநாள் பார்த்தால் பி.எச். மறுபடி எட்டு.

மீன்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "மீனுக்கு ஜூஸா போட்டீங்க? உங்க தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி சார். எவ்வளவு புளிப்பு ஊத்தினாலும் முழுங்கிட்டு பழையபடி ஏறிடும். ஒரு எண் எறங்கினாலே பத்து மடங்கு புளிப்பு. ஒரே நாள்ல எறக்கினா உசுரு போயிடும்" என்றார். தினம் ஒரு வாளி எடுத்துவிட்டு, சுண்ணாம்பு நீக்கிய ஃபில்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொன்னார். தொட்டியில் ஊறப்போடக் காய்ந்த பாதாம் இலை நான்கும் கொடுத்தார்.

தினம் வேலை முடிந்து வந்ததும் ஒரு வாளி. பிறகு தொட்டித் தண்ணீரைக் குப்பியில் எடுத்து, பி.எச். பார்க்கும் மருந்து மூன்று சொட்டு விட்டு நிறம் பார்ப்பேன். நீலம் பச்சையாகி, ஆறரைக்கான மஞ்சளை எட்ட பன்னிரண்டு நாள் ஆனது. தொட்டித் தண்ணீர் லேசான டீ நிறமாகிவிட்டது. மறுநாளே அம்மணி முட்டையிட்டாள். இந்தத் தடவை வெளுக்கவில்லையடி! மூன்றாம் நாள் ஒவ்வொன்றிலும் ஒரு வால் துடித்தது.

குஞ்சுகள் நீந்த ஆரம்பித்ததும் தீனிப்பொடி போட்டேன். சீண்டவில்லை. பட்டினியில் போய்விடுமோ என்று குனிந்து பார்த்தால், அத்தனையும் அம்மணியின் உடம்பை மொய்த்துக் கொத்திக்கொண்டிருக்கின்றன. அவள் தோலிலேயே பால் மாதிரி ஒன்று சுரக்கிறதாம். அம்மாடி, மீனுக்குப் பாலா! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து விலகினாள். குஞ்சுகள் மொத்தமும் பக்கத்தில் நின்ற பெரியவர்மேல் போய் ஒட்டிக்கொண்டன. அவர் உடம்பிலும் சுரக்கிறது. அப்பன்காரனுக்கும்! இத்தனை நாள் தின்னவும் ஆகாத மீன் என்று கேலி செய்தேனே, என் வாயைத் தைக்க வேண்டும். அந்த மனுஷர் துடுப்பைக்கூட வேகமாக அசைக்காமல் நின்றார். நானும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்லவும் வெட்கமில்லை.

உன்னிடம் மறைத்தது ஒன்று உண்டு. கீழே போட்டுவிடுவேன் என்பதற்காக மட்டும் நான் ஓடவில்லை. ஒருதரம் நெஞ்சில் போட்டுக்கொண்டு, அப்புறம் நம் குட்டி இல்லாமல் போனால் நான் என்ன ஆவேன் என்ற பயத்தில் ஓடினேன். நீ மட்டும் அந்தப் பயத்தோடு ராப்பகலாக அவளைச் சுமந்துகொண்டிருக்கிறாய். மன்னித்துக்கொள்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். நகம் வெட்டிவிட்டேன், கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கிரீஸ் போய்விட்டது. என் சட்டை பட்டனை நீயே கழற்றிவிடு. நான் எழுந்திருக்கப் பார்த்தால் தோளை அழுத்திப் பிடித்துக்கொள். நீ பக்கத்தில் படுத்துக் கொஞ்சம் தூங்கு.

நம் பெண் நூறு வயது இருப்பாள். அப்பா வருகிறார், அதுவரை சமர்த்தாக இருக்க வேண்டும் என்று அவள் காதில் இப்போதே சொல்லிவை.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளி