நேற்று ஒளித்த சீட்டு

என் சண்டைக்காரிக்கு,

இதயம் தளர்ந்தால் மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும், மறதி வரும் என்று டாக்டர் உன்னிடம் தனியாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. திரைக்குப் பின்னால்தான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து சீட்டாட்டத்தில் தினமும் நானே ஜெயிக்கிறேன். முப்பது வருஷமாக ஒரு ஆட்டம்கூட விட்டுக்கொடுக்காதவள் நீ!

நேற்று நீ பார்க்கும்படியே ஒரு சீட்டைத் தொடைக்கடியில் ஒளித்தேன். முன்பென்றால், "என்ன, அழுகுணி ஆட்டமா?" என்று வீட்டை ரெண்டாக்கியிருப்பாய். நேற்று, "உங்க ஆட்டம்தான், போடுங்க" என்று சிரித்தாய். டாக்டர் சொன்னதைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்துபோனேன்.

இறக்கிய சீட்டு எனக்கு மறந்துபோகிறது, உண்மைதான். உன்னிடம் தோற்கும் சுகம் மறக்கவில்லை.

இன்று சாயங்காலமும் ஒளிப்பேன். சண்டைக்கு வா.

உன் அழுகுணி